சுருட்டி வைத்த வயர்கள்

“ஹலோ... ஆங், கேக்குது, கேக்குதுப்பா... நீ சொல்லு... பிரபா ரூம்லதான் நிக்கிறேன்... ஆமா, ஆமா, பொட்டி முன்னாடியேதான்... சுவிட்ச் போட்டுட்டேன். செவப்பு லைட்டு எரியுது.”

குழந்தைசாமி போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். உப்புப் பாத்தியிலிருந்து வந்து இன்னும் காலைக்கூடக் கழுவவில்லை. கணுக்கால் வரை வெள்ளை படிந்திருந்தது. சென்னையிலிருந்து பேசுவது கௌதமன். மகன் பிரபாகரனோடு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன். பிரபாகரன் செத்து நாலு மாதம் ஆகிறது.

“சத்தமா?... ஒண்ணும் வரலியேப்பா... ஸ்பீக்கர்ல காத வெச்சும் பாத்துட்டேன், சும்மா கெடக்குது... சரி, அத வுடு. காலையில என்னமோ சொன்னியே, அத எனக்குப் புரியற மாதிரி சொல்லு... ம்... ம்... கம்ப்யூட்டர்லயே இந்தப் பொட்டியச் செஞ்சிட்டியா?... அச்சு அசலா இதே மாதிரியா?... திருகுற பட்டனு, வயரு குத்துற ஓட்டை, எல்லாம் படமா வருதா?... மவுஸால புடிச்சித் திருகுனா இதே சத்தம் வருதா! அட... அவனும் நீயும் சேந்து ஆரம்பிச்சதா... ஆமா, ஆமா, சொல்லியிருக்கான். சாப்ட்வேரு, சாப்ட்வேருன்னுவான். நானும் சரி சரின்னுட்டுப் போயிடுவேன்.”

சிந்தசைசர் என்ற பேர் அவர் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. இடுப்புயர மரப்பெட்டி, முகம் முழுக்கக் குமிழ்களும் ஓட்டைகளும். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் போகிறதோ அதற்கேற்ப ஒரு சத்தம் வரும். மூன்று வருஷமாக ஒவ்வொரு பாகமாகத் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்தான் பையன். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குழந்தைசாமியும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“போட்டோதானே? இப்பவே எடுத்து அனுப்புறேன், அதுக்கென்ன... எதையும் தொடாம எடுக்கணுமா? ஏம்பா?... ம்... கடைசியா ஒரு சத்தம் வெச்சானா... சனிக்கெழம சாயந்திரம்... ஆமா, மறுநாள் காலையிலதான் அந்த லாரி... ம். உனக்குப் போன் பண்ணானா?... ‘வந்துடுச்சுடா’ன்னானா... என்கிட்டயும் சொன்னாம்பா. ‘அப்பா, ஒரு நிமிஷம் வந்து கேட்டுட்டுப் போ’ன்னான். மழ வர்ற மாதிரி இருந்துச்சு, வாரி வெச்ச உப்ப மூடணுமேன்னு ஓடிட்டேன். வந்து கேக்குறேண்டான்னேன்... கேக்கல... அப்பிடி என்ன சத்தம் அது? உனக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் பதில் நீண்டது. குழந்தைசாமி அசையாமல் கேட்டார்.

“உப்பு வாரற சத்தமா?... யாரு வாரறது?... நானா?”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அவன நான் பாத்தியில கால் வெக்கவே வுட்டதில்லியேப்பா. இந்த வேலை என்னோட போவட்டும்னு இருந்தேன். அவன் எப்ப கேட்டான் அத?... ஓ. ஆமா, ஆமா. சோறு கொண்டாந்துட்டுக் கரையில ஒக்காந்திருப்பான். கண்ண மூடிட்டு இருப்பான். தூங்குறான்னுல்ல நெனச்சேன்... சரி கண்ணு, அத இப்ப நான் கேக்கலாமா? சேவ் பண்ணி வெச்சிருப்பான் இல்ல?... இல்லியா?... இந்தப் பொட்டியில சேவ் கெடையாதா? கம்ப்யூட்டர்லதான் உண்டா?... ம்... வயரு எங்கெங்க குத்தியிருக்குது, பட்டனு எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குது... அதுதான் சேவா?... அதத்தான் போட்டோ எடுக்கணுமா...”

பெட்டியின் முகத்தில் ஒரு வயர்கூட இல்லை. இருபத்துமூன்று வயரும் சுருட்டி, நூலால் கட்டி, சுவரில் ஆணியில் தொங்கின. சின்னக் குமிழ்கள் எல்லாம் இடது பக்கமாக, பூஜ்ஜியத்தைப் பார்த்து வரிசையாக நின்றன.

“இல்ல, லைன்லதான் இருக்கேன்... கட் ஆவல... கௌதமா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத... வயரெல்லாம் உருவிட்டேம்ப்பா... நாந்தான், வேற யாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வூடு சுத்தம் பண்ணோம் இல்ல, அப்ப... நம்மூரு காத்து உனக்குத் தெரியாது. குத்துனது குத்துனபடியே கெடந்தா முனையில பச்சை பூத்துடும். மோட்டார் கொட்டாயில நாங்க அப்பிடித்தான் செய்வோம். ஒண்ணொண்ணா உருவி, தொடச்சி, தேங்கா எண்ணெ தொட்டு, சுருட்டிக் கட்டி... பட்டனெல்லாம் சைபர்ல வெச்சேன். ஆஃப்ல வெக்காம நான் எந்த மெசினையும் வுட்டு வந்ததில்லப்பா... புள்ளையோட பொருளாச்சே, கெட்டுடக் கூடாதேன்னு...”

அன்றைக்கு அழுதுகொண்டேதான் செய்தார். மகனைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது போல இருந்தது. அவ்வளவு பக்குவமாக, ஒவ்வொன்றாக, அவன் வைத்துவிட்டுப் போனதை அவரே அழித்திருக்கிறார்.

“நீ எதுக்குப்பா மன்னிப்புக் கேக்குற?... சாவுக்கு வந்தப்போ பாத்தியா? வயரோட இருந்துச்சா?... எழவு வூட்ல செல்ல எடுத்துப் படம் புடிக்கறதான்னு... சரிதான், சரிதான். யாரா இருந்தாலும் அப்பிடித்தான் கூசும். உன் மேல தப்பில்ல... ஞாபகமா? எது எங்க இருந்துச்சுன்னா?... வலது கோடியில ரெண்டு நீல வயரு குறுக்கால... இல்ல, மஞ்சளா... தெரியலியேப்பா... இரு. இரு, இரு! ஒண்ணு இருக்குது! நடுவுல இருக்கற பெரிய பட்டனு. அது திரும்பல. உப்பு எறங்கி இறுகிக் கெடக்குது, அவன் கைக்குத்தான் அது எசையும். ஒடஞ்சிடப் போவுதுன்னு அப்பிடியே வுட்டுட்டேன்... ஆமா, ஆமா, அவன் வெச்ச எடத்துலயேதான்... கடியாரம்னு வெச்சிக்க, முள்ளு ரெண்டு மணியில நிக்குது. ரெண்ட தாண்டி ஒரு நூலு... பில்டரா? சத்தத்த வடிகட்டறதா? என்னமோ, உன் கம்ப்யூட்டர் பொட்டியிலயும் அதே எடத்துல வையி.”

போனிலிருந்து ஒரு இரைச்சல் வந்தது.

“கேக்குது... ஆனா இது காத்தடிக்கற மாதிரியில்ல இருக்குது, நிக்காம போவுது. வாரறதுன்னா பலகைய இழுக்கணும், வுடணும், மறுபடி இழுக்கணும். சர்ர்ரு... சர்ர்ரு... அப்பிடி... ஆங், இப்ப வுட்டு வுட்டு வருது. கொஞ்சம் மெதுவா... இன்னும் மெதுவா. கடைசியில சித்த இழு... ஆமா! ஆமா, ஆமா, இதேதான்! நான் வாரறது இப்பிடித்தான் இருக்கும்...”

முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அவர் வலது கைகூட லேசாக இழுத்தது. பிறகு கை நின்றுவிட்டது.

“நிறுத்துப்பா... இல்ல, நல்லாதான் இருக்குது. நல்லாதான் செஞ்ச... ஆனா இது நான் சொல்லி நீ போட்டது கண்ணு. நான் எப்பிடி வாரறேன்னு எனக்குத் தெரியாதா? கரையில ஒக்காந்து கண்ண மூடிட்டு அவன் என்னத்தக் கேட்டான்னுதான் தெரியல... அவன் காதுல நான் எப்பிடி இருந்தேன்... அது அந்த வயருலதான்ப்பா இருந்துச்சு. நான் உருவிட்டேன்...”

ராசம்மாள் கையில் துணியோடு உள்ளே வந்தாள். புருஷன் பெட்டி முன்னால் இருப்பதைப் பார்த்து, தூசி தட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு, நடுக் குமிழைத் துடைக்கக் கை நீட்டினாள்.

“அழாதப்பா... நீயும் அழுதா நான் என்ன பண்ணு... ஏய், ராசம்மா! கைய எடு! தொடாத, அதத் தொடாதன்றேன்!... உன்ன இல்லப்பா, உன்ன இல்ல... ஹலோ... கௌதமா?... ஹலோ...”

லைன் போய்விட்டது. ராசம்மாள் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இப்படிக் கத்தியதில்லை. குழந்தைசாமி அவள் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். அறை வாசலில் பழக்கதோஷத்தில் அவர் கை சுவரிலிருந்த பெட்டியின் சுவிட்சுக்குப் போனது. பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அணைக்காமலே கதவைச் சாத்தினார்.