சுரைக்காய்ச் சாறு

பங்குனி வெயிலில் கத்தரிக்காயைக் காலையிலேயே பறித்துவிட வேண்டும், ஐயா. வெயில் ஏறினால் காய் வதங்கிப்போகும். பறித்த கையோடு அடுத்த பாத்தியைக் கொத்தி வெண்டை விதை ஊன்றிவிடுவேன். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருவில் எல்லாரும் கொல்லையை மூடி வாடகை ரூம் கட்டிவிட்டார்கள். நான் மாடியில் மட்டும் கட்டினேன். என் கை படாமல் அந்தக் கொல்லையில் ஒன்றும் வளர்ந்ததில்லை.

மாடியில் கம்பெனிப் பெண்கள் குடியிருந்தார்கள். அதில் ஒருத்திதான் பாண்டிச்செல்வி, தென்காசிப் பக்கம். ஷிப்ட் முடிந்ததும் குளிக்காமல்கூட நேரே என் கொல்லைக்குள் நுழைவாள். வேர்வை நாற்றம், பிசுபிசுத்த தலை. வீட்டுக்குத் தூரமான நாளிலும் வருவாள். அந்த நாளில் தொட்டால் செடி பட்டுப்போகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சொன்னால் சிரிப்பாள். "எங்கூர்ல வயக்காட்டு வேலைக்கு அந்த நாளெல்லாம் லீவு விடுவாவளா அத்தே?" என்பாள்.

அத்தை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். என் மகன் புருஷோத்தமன்தான் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறான். "அவளத்தாம்மா கட்டிக்கப் போறேன். உனுக்கு இன்னா பிரச்சின?" என்று சோறு தின்றுகொண்டே கேட்டான். "அவுங்க இன்னா ஆளுங்கன்னு தெரியுமாடா?" என்றேன். பாதிச் சோற்றிலேயே தட்டில் கை கழுவிவிட்டான்.

அந்த வாரம்தான் பந்தலில் முதல் சுரைக்காயை அறுத்தேன். ஒரு வில்லை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் நாங்கள் சுரைக்காயை அடுப்பில் ஏற்றமாட்டோம். வைத்தேன், காறித் துப்பினேன். அப்படியொரு கசப்பு. கசந்த காயைக் குழி தோண்டிப் புதைப்போம், மாட்டுக்குக்கூடப் போடமாட்டோம். விதை கலந்தால் கசக்கும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். படித்தவர், சொல்லட்டும். எனக்குத் தெரியும், அது அவள் தொட்ட கொடி.

அவளுக்குச் சூட்டில் முகமெல்லாம் கட்டி, சீழ் வைத்திருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. அந்தக் காயை அரைத்துப் பிழிந்து, சொம்பு நிறைய எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். "குடிம்மா, சூடு தணியும். மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்றேன். முதல் மடக்கிலேயே அவள் முகம் கோணியது. கண்ணில் நீர் முட்டியது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொம்பைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தாள். "நல்லாருக்கு அத்தே. மொத மொதல்ல ஒங்க கையால குடுக்கீயல்லா" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரத்தமாக வாந்தியெடுத்தாள். மாடிப்படி முழுக்க நாற்றம். நான்தான் பினாயில் ஊற்றிக் கழுவினேன், வேறு யார் கழுவுவார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

விஷம் கலந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. நான் எதையும் கலக்கவில்லை. காய் கசந்தது தெரியும். அது ஆளைக் கொல்லும் என்றும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவள் தீட்டை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

என் மனசு ஆறாதது ஒன்றுதான். புருஷோத்தமன் என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்குவதில்லை. இன்று காலை ஸ்டேஷன் வாசலில் அவன் தோளைத் தொட்டேன். போட்டிருந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறான். பெற்ற தாயைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படி அருவருப்புப்படலாமா, நீங்களே சொல்லுங்கள்.