பதினேழாம் பக்கம்

இந்த நாட்டுக்கு வரும் அகதிகளுக்கு வெல்ஃபேர் ஃபோம் நிரப்புவது எப்படி, ஐஸில் விழாமல் நடப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தருவதில்லை. நடந்ததெல்லாம் அந்த ஓட்டையால்தான் உள்ளே வந்தது.

தமிழிலேயே எழுதலாம், துவாரகா என்ற பிள்ளை மொழிபெயர்ப்பார் என்று சொன்னீர்கள், ஒஃபிசர். நன்றி. துவாரகா, எழுதியதை எழுதியபடியே மாற்றம்மா, மெருகு வேண்டாம். என்னை ஏற்கெனவே ஒருவன் இங்கிலீசில் மொழிபெயர்த்தான். அவனுடைய கதைதான் இது.

என் பெயர் பத்மநாதன், வயது ஐம்பத்தாறு, வீடு மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடி. ஊரில் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். இங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் ஃபக்டரியில், வாளிக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். பொருந்தும். பதினொரு வருடமாகப் பொருந்திக்கொண்டுதான் இருக்கிறது.

தொண்ணூற்று நாலில் என் ஃபோர்மன் என்மேல் இரக்கப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய கிளப்புக்குக் கூட்டிப்போனார். வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம், பெரிய புல்வெளி. அங்கே வயதுவந்த வெள்ளைக்காரர்கள் பூட்டன் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, கல்லை இரும்பில் தட்டிப் பொறி பறக்கவைத்து வெடிக்கிற சக்கிமுக்கித் துப்பாக்கியால் கடதாசி வட்டங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெடிச் சத்தத்துக்குப் பயந்து பதின்மூவாயிரம் கிலோமீற்றர் ஓடிவந்தவன். மனதுக்கு நல்ல ஆறுதலாக இருக்கும் என்றார் ஃபோர்மன்.

ஒருவருடைய துப்பாக்கி புஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் சும்மா இருக்கமுடியாமல் அவருடைய வெடிமருந்தில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். கை முழுக்கத் தூசி. மணந்து பார்த்து, கூடாது என்று தலையாட்டினேன். பக்கத்து ஆளின் மருந்துத் தகரத்தைக் காட்டி, இதைப் போடு என்றேன். வெடித்தது. அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். இந்த நாட்டில் என் தலையாட்டலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

அடுத்த ஞாயிறு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நானும் மலிவாக ஒரு பழைய துப்பாக்கி வாங்கினேன். ஒரு வருடத்தில் என்னிடம் காட்டாமல் ஒருவரும் தகரம் திறப்பதில்லை. எனக்கு இங்கிலீஷ் கேட்டால், வாசித்தால் ஓரளவு விளங்கும், வாயில் ஓடாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

கருமருந்து வாங்குவது சின்ன விஷயம் இல்லை. தகரத்தில் எஃப் என்ற எழுத்து போட்டிருக்கும். ஒரு எஃப் என்றால் உடைத்த மிளகு மாதிரிப் பெரிய மணி, இரண்டு என்றால் கடுகு, மூன்று என்றால் ரவை, நான்கு என்றால் கிட்டத்தட்டத் திருநீறு. பருத்த குழாய்க்குப் பெரியது, ஒடுங்கிய குழாய்க்குச் சின்னது. நாலு எஃப்பைக் குழாய்க்குள் போடக்கூடாது. அது துப்பாக்கியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணிக்கு. பொறி கிண்ணியில் விழும், கிண்ணி பற்றும், அந்த நெருப்பு ஓர் ஊசித் துளையால் குழாய்க்குள் போய்ப் பெரிய மருந்தை எழுப்பும். வாங்கும்போது தகரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டவேண்டும். மணி உருளும் சத்தம் கேட்டால் நல்லது. மண் சரிகிற சத்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் வாங்கியது டோர்செட் பார்க் பக்கத்தில், மீன்தூண்டிலும் வேட்டைச் சாமானும் விற்கும் ஒரு கடையில். கவுன்டரில் நிற்பவர் சீமோன், பாஷையூர்க்காரர். ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் வெடிமருந்து கேட்கிற காட்சி அந்தக் காலத்தில் பார்க்க வேண்டிய ஒன்று. சீமோன் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்ப்பார், கூரையில் இருக்கிற கமராவைப் பார்ப்பார், பிறகு குரலைத் தாழ்த்துவார்.

“அண்ணை, உது ஆருக்கு எண்டு நான் கேக்கேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. புத்தகத்திலை வடிவா விளங்கிறமாதிரிப் பேரை எழுதுங்கோ.”

“சீமோன், கடதாசி சுடுறதுக்கு.”

“ஓம் ஓம். எல்லாரும் கடதாசிதான்.”

பயந்தவர், ஆனால் நேர்மையான மனிதர். பழைய தகரத்தை ஒருநாளும் என் தலையில் கட்டியதில்லை. அவர் விற்ற மருந்து பழுது என்று நீங்கள் அவரை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்ததும், முதலாளி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டியதும் அநியாயம். சீமோன் விற்றது முதல்தரம். பழுதாக்கியது நான்.

குலசிங்கத்துக்கு வருகிறேன். என் மனைவி புனிதவதியின் தங்கையைக் கல்யாணம் முடித்தவன், எனக்குச் சகலன். நகரத்து விளிம்பில், ரூஜில் நாலு அறை வீடு. தொழில், மற்றவர்களுக்கு நாலு அறை வீடு விற்பது. எந்தத் தமிழ்ப் பத்திரிகையை விரித்தாலும் மரண அறிவித்தலுக்கு எதிர்ப்பக்கத்தில் அவன் டை கட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். இப்போது மரண அறிவித்தல் பக்கத்துக்கே வந்துவிட்டான், படம் அதேதான்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தொண்ணூறுக்குப் பிறகு ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன். அடைத்துக்கொண்டு நின்றால் குழாயைக் கழற்றி, முதலில் ஒரு கண்ணால் பார்ப்பது, பிறகு வாய் வைத்து ஊதுவது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்பான். இங்கே வந்தும் போகவில்லை. வக்கியூம் கிளீனர் நின்றால் பார்ப்பான், ஊதுவான். ஒஃபிசில் ஃபோட்டோ கொப்பி மெஷின் மக்கர் பண்ணினாலும் கதவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு ஊதுவானாம். என் மகள் பிறந்தநாளில் பலூன் பம்ப் வேலை செய்யாதபோது அவன் பார்த்து ஊதியதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். நான் நேரம் பார்த்தேன். பம்ப் நின்றதிலிருந்து மூன்று விநாடிதான் பொறுத்தான்.

தொண்ணூற்றேழு கோடையில், என்னை இறக்கிவிட வந்த சாட்டில் கிளப்பைப் பார்த்தான். அடுத்த மாதம் என்னுடையதைவிட மூன்று மடங்கு நல்ல துப்பாக்கி வாங்கினான். அதற்கடுத்த மாதம் கிளப்காரர் போடுகிற சிவப்புக் கோட்டு. புது ஆட்களுக்குக் கொடுக்கிற பாதுகாப்பு விதிக் கடதாசியை வாசிக்காமலே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். தன் வாடிக்கையாளருக்கு இங்கே, இங்கே, இங்கே என்று காட்டிப் பழகியவன்தானே.

“அண்ணை, உவங்களுக்கு நீங்கள் சொல்லுறது விளங்காது. என்னட்டைச் சொல்லுங்கோ, நான் எடுத்துச் சொல்லுறன்,” என்றான்.

சொன்னேன். அவன் எடுத்துச் சொன்னான். முதல் வாரம் “என்ர அண்ணை சொல்லுறார்” என்று தொடங்கினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அண்ணை போய்விட்டார், “நான் நினைக்கிறன்” வந்துவிட்டது. நாலு எஃப் எது, மூன்று எஃப் எது என்று கண்ணை மூடித் தடவிச் சொல்லத் தெரியாதவனைச் சுற்றி வரிசை நின்றது. என்னை அவர்கள் மரியாதையாகக் கோப்பி ஊற்றும் மேசைப் பக்கம் விட்டார்கள். எனக்கு எரிந்தது, ஒஃபிசர். அதை நான் ஒளிக்கமாட்டேன். ஆறு நாளும் வாளி மூடி பார்க்கிறவனுக்கு ஏழாம் நாள் ஒன்று இருந்தது. அதையும் அவன் தன் பெயருக்கு எழுதிவிட்டான்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. நாற்பது பக்கம், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியது. எந்த மருந்தை எப்படித் தெரிவது, எங்கே வைப்பது, ஈரக் காலத்தில் என்ன செய்வது எல்லாம் என் கையெழுத்தில். இந்த வருடம் ஓகஸ்டில் அவன் வீட்டுக்கு வந்தான்.

“செப்டெம்பர் விழாவிலை மருந்து தெரியிறதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறாங்கள். கொப்பியை ஒருக்காத் தாங்கோ. பேசி முடிய மேடைக்குப் பக்கத்திலையே சுட்டும் காட்டவேணும். அண்ணைதான் மருந்து வாங்கித் தரோணும், சரியே? நான் வாங்கினால் பிழையாப்போயிடும்.”

“என்ர பேர் சொல்லுவியோ?”

“அதென்ன கேள்வி, குடும்பத்துக்குள்ளை.”

கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் பதினேழாம் பக்கத்தைக் கிழித்து எடுத்தேன்.

சீமோனிடம் போய் இரண்டு தகரம் வாங்கினேன். குழாய்க்கு மூன்று எஃப், கிண்ணிக்கு நாலு எஃப். காதில் வைத்து ஆட்டினேன். அவ்வளவு நல்ல மருந்து அந்த வருடம் வரவில்லை. குழாய்க்குள்ளதை அப்படியே விட்டேன். கிண்ணிக்குள்ளதை வீட்டில் கொஞ்சம் கெடுத்தேன். எப்படி என்று எழுதமாட்டேன், அது தொழில் இரகசியம். அணையவும் கூடாது, உடனே போகவும் கூடாது, மெல்லப் புகைந்து உள்ளே போகவேண்டும். பதினொரு முறை முயன்று பார்த்தேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்தவனுக்குப் பொறுமை இருக்கும்.

விழா நாள் நல்ல வெயில். குலசிங்கம் அரை மணித்தியாலம் பேசினான். நன்றாகவே பேசினான், என் வசனங்களை அவன் வாயில் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. உடைத்த மிளகு, கடுகு, ரவை என்றபோது சனம் சிரித்தது. திருநீறு என்பதை விட்டுவிட்டான். என் பெயரையும் விட்டுவிட்டான். பெயர் மட்டும் வந்திருந்தால் இருமுவதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். ஒரு இருமல் இருமி, தகரத்தை மாற்றிக் கொடுத்திருப்பேன். நல்ல தகரம் ஒன்று என் பையில் இருந்தது.

பிறகு துப்பாக்கியை நிரப்பிக் குறிவைத்தான். நான் இரண்டடி தள்ளித் தகரங்களைப் பிடித்தபடி நின்றேன். மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால்.

ஒன்று. கிண்ணி சுருக்கென்று எரிந்து புகைந்தது, குழாய் வெடிக்கவில்லை. இரண்டு. சனத்தைப் பார்த்துச் சிரித்தான், பத்திரிகைச் சிரிப்பு. மூன்று. துப்பாக்கியின் அடியை நிலத்தில் ஊன்றிக் குழாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்தான். நான்கு. வாயைக் கிட்டக் கொண்டுபோனான்.

ஐந்து எண்ணவேண்டி இருக்கவில்லை.

பதினேழாம் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: கிண்ணி எரிந்தும் குழாய் வெடிக்காவிட்டால், துப்பாக்கியை எதிரே பிடித்தபடியே அறுபது வரை எண்ணு. எண்ணி முடியுமட்டும் முகத்தைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாதே. நீங்கள் கேட்டீர்கள், இரண்டடியில் நின்றவர் ஏன் ஒரு சத்தம் போடவில்லை என்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒஃபிசர். எண்ணும்போது கதைத்தால் கணக்குப் பிசகும். அவன் விழுந்த பிறகும் அறுபது வரை எண்ணித்தான் கிட்டப் போனேன். விதி விதிதானே.

செத்தவீட்டுக்கு எழுநூறு பேர். அவனிடம் வீடு வாங்கியவர்களும், இனி யாரிடம் வாங்குவது என்று விசாரிக்க வந்தவர்களும். மூன்று சங்கத் தலைவர்கள் பேசினார்கள், மூன்று பேரும் அவனுடைய அடக்கத்தைப் புகழ்ந்தார்கள். புனிதவதி தங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சகலன் இல்லையா. சுடலை வாசலில் கிளப்காரர் ஒன்பது பேர் சிவப்புக் கோட்டோடு மரியாதை வேட்டு வைத்தார்கள். அதற்கு மருந்து பார்த்துக் கொடுத்தது நான். ஒன்பது துப்பாக்கி, ஒரே சத்தம். ஒரு நொடி பிந்தவில்லை.

அங்கே முடிந்திருக்கும். நீங்களும் விபத்து என்று எழுதி, ஃபைலை மூடி, சீமோனை மட்டும் கொஞ்சம் அலைக்கழித்திருப்பீர்கள். நானும் சும்மா இருந்திருப்பேன். போன ஞாயிறு கிளப்பில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். மருந்து தெரிந்து வாங்குவது எப்படி. அவன் மேடையில் பேசியதை, என் கொப்பியை, வரிக்கு வரி அச்சடித்திருக்கிறார்கள். அட்டையில் அவன் படம், டை கட்டிச் சிரிக்கிறான். எழுதியவர்: அமரர் குலசிங்கம். கடைசிப் பக்கத்தில், தகரங்களைச் சுமந்து உதவிய மைத்துனருக்கு நன்றி என்று ஒரு வரி. மைத்துனர் கூட இல்லை நான், சகலன். இங்கிலீசில் இரண்டும் ஒன்றாம்.

அன்று பின்னேரமே உங்களிடம் வந்தேன். சீமோனுக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு காரணம்தான்.

செய்தது நான். யோசித்து, தெரிந்து, வாங்கி, கெடுத்து, கிழித்து, எண்ணிச் செய்தேன். தண்டனை என்னவென்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். நான் பொறாமைக்காரன் இல்லை, பிறத்தியாரின் பொருளுக்கு ஆசைப்பட்டவனும் இல்லை. என்னுடையது என் பெயரில் இருக்கவேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தை வசந்தகாலத்தில் புது ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். முப்பத்தைந்து பேர் பதிந்திருக்கிறார்கள், பலரும் துப்பாக்கியைத் தொட்டும் பார்க்காதவர்கள். பதினாறுக்குப் பிறகு பதினெட்டாம் பக்கத்து விஷயம் வருவதை ஒருவரும் கவனிக்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட காரியம், எனக்குத் தெரியாதா. அதனால் ஒரேயொரு உதவி கேட்கிறேன், ஒஃபிசர். பதினேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதைக்கு அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் அட்டையை மாற்றட்டும்.