வாலைச் சுருட்டிய வாத்தியார்

தலைமை நாற்காலியை அதன் இரண்டு கைகளும் நெருங்க நெருங்க நிறைத்து வீற்றிருக்கும் ஐஸ் கம்பெனி அதிபர், அள்ளிக் கொடுப்பதில் அலுப்பறியாத ஐயா உடையப்பன் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசைக்கு முண்டியடித்து வந்திருக்கும் மூத்தோர்களே! விடியலில் ஏலத்தில் நின்று, வெயிலில் வீதிவீதியாய் மீன் விற்று, பொழுது சாய்ந்ததும் பேனா பிடிக்க வருகிற என் தாய்மார்களே! வலையையும் வாட்ஸப்பையும் ஒரே கையால் விரிக்கத் தெரிந்த இளைஞர்களே! இந்த மைக்கைக் கொடுத்த மகராசரே, அது கரகரவென்று கத்துவதைக் கண்டும் காணாமல் இருக்கிற அதே மகராசரே! கட்டுமாவடி மாலைநேர ஆங்கில வகுப்பின் வாத்தியார் என்ற முறையில் உங்கள் அனைவர் பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்!

என் பெயர் மதுரைவீரன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பெயரைச் சொன்னதற்கே சிரித்தால் பேச்சுக்கு என்ன மிச்சம் வைப்பீர்கள்? அது எங்கள் குலசாமியின் பெயர். சாமி குதிரையில் வரும், கையில் அரிவாள் இருக்கும். நான் மொபட்டில் வருகிறேன், கையில் டிபன் பாக்ஸ் இருக்கிறது. தெருவில் நாய் குறுக்கே படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, அது தூங்கி எழுந்து சோம்பல் முறித்துப் போகிற வரையில் காத்திருக்கிறேன். குலசாமி என்னை மன்னிக்கட்டும்.

இன்று நம் வகுப்பின் இரண்டாம் ஆண்டு விழா. ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பொருளையும் பயன்பாட்டையும் விளக்கிப் பேசு என்று மாணவர்கள் எனக்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள். சொல்லையும் அவர்களே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 'கவர்ட்'. கோழை. என் முகத்தைப் பார்த்து இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த என் மாணவர்களின் மதிநுட்பத்தை என்னென்பேன்!

கட்டளை இன்னொன்றும் உண்டு. விழா முடிவில் தலைவர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அது என்ன அறிவிப்பு? நாம் வகுப்பு நடத்துகிறோமே, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற ஹால், ஐயா இரண்டு ஆண்டாக வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்த ஹால், அடுத்த மாதத்திலிருந்து அங்கே மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கப்போகிறார்கள். அந்த அறிவிப்பு வருவதற்கு முன்னால் நான் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அதுதான் மாணவர்களின் இரண்டாவது கட்டளை.

கேட்கிறேனம்மா! யாரது, அடைக்கலமேரி அம்மாவா? "கேளுங்க சார்" என்று இப்போதே குரல் கொடுத்தால் எப்படி? மீன் செதில் உரிக்காமல் குழம்பு வைப்பீர்களா? முதலில் சொல்லை உரிப்போம்.

வெள்ளைக்காரன் பயந்தவனைச் 'சிக்கன்' என்று சொல்கிறான். கோழியாம்! அவன் குஞ்சோடு நிற்கிற கோழியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பருந்து இறங்கினால் நம்மூர்க் கோழி என்ன செய்யும்? இறக்கையை விரித்து எதிரே பாயும். நானாக இருந்தால் என்ன செய்வேன்? பருந்துக்கு நாற்காலி போட்டு டீ சொல்லியிருப்பேன்.

கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவனுக்கு 'கோல்ட் ஃபீட்' வந்துவிட்டது என்கிறான். காலில் குளிர்ச்சி என்று அர்த்தம். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வகுப்பு நடத்துகிறவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்?

நம் தமிழில் தொடைநடுங்கி என்கிறோம். அடடா, எவ்வளவு துல்லியமான சொல்! இந்த மேசைத் துணி மட்டும் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு விளக்கவுரையே தேவைப்படாது.

ஆனால் இந்தக் 'கவர்ட்' இருக்கிறதே, இதன் பிறப்பு வேடிக்கையானது. லத்தீன் மொழியில் வாலைக் குறிக்கிற ஒரு சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் உருண்டு, ஆங்கிலத்தில் வந்து கோழையானது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவன்! நம் ஊரில் சொல்வதில்லையா, "வாலைச் சுருட்டிக்கிட்டு கெட"ன்னு? கடல் கடந்தாலும் கண்டம் கடந்தாலும் கோழைக்கு வால் ஒன்றுதான் போலிருக்கிறது.

என் வால் எங்கே என்று பார்க்கிறீர்களா? பொறுங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன மாதம் ஐயா என்னைக் கூப்பிட்டார். "சார், பாக்ஸ் அடுக்க எடம் பத்தல. அந்த ஹாலை எடுத்துக்கலாம்னு பாக்குறேன். ஒங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்றார்.

எவ்வளவு பண்பான கேள்வி! சங்கடம் இல்லையே என்று கேட்டார். என் நெஞ்சுக்குள்ளே ஆயிரம் சங்கடம் அலையடித்தது. அறுபது பேர் வந்து போகிற வகுப்பு! அயல்நாடு போகிற பையன்கள் உண்டு, அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கிற அம்மாக்கள் உண்டு. இத்தனையும் நெஞ்சில் வந்தது. வாயில் என்ன வந்தது தெரியுமா?

"ரொம்ப சந்தோஷங்க."

ஐயா அவர்களே, அது நான் சொன்னதில்லை. என் நாக்கு சொன்னது. பெரிய மனிதரைக் கண்டால் என் நாக்குக்குத் தெரிந்த ஒரே சொற்றொடர் அதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தலைமை ஆசிரியர் என்னை வெயிலில் நிறுத்தியபோதும் அதைத்தான் சொன்னது. பஸ்ஸில் ஒருவர் என் செருப்பை மிதித்துக்கொண்டு, "மிதிச்சிட்டேனா?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னது.

வகுப்பில் வந்து சொன்னேன். புயலடித்த மாதிரி ஆகிவிட்டது. "போங்க சார், போயி முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க" என்று விரட்டினார்கள். போனேன். ஐயா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி வீரத்தையும் கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே போனால், "வாங்க சார் வாங்க, கல்விப்பணி செய்யிறவுக நம்ம வீட்டுக்கு வந்திருக்கீக" என்று பீரோவைத் திறந்து பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை போர்த்தியவரிடம் போய்ப் புகார் சொல்ல முடியுமா? போர்த்தியபடியே திரும்பினேன். கட்டுமாவடிக் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. பின்னால் அதன் குஞ்சம் தொங்கி ஆடியதாம். வால் எங்கே என்று கேட்டீர்களே, அதுதான் என் வால்!

இன்னொரு தடவை போனேன். வீட்டில் ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். என் மனைவி செவந்தியை உடையப்பன் ஐயா என்று நினைத்துக்கொண்டு, "ஹாலை விடமாட்டோம்!" என்று முழங்கினேன். அவள், "என்ன சத்தம் அங்க?" என்றாள். ஒத்திகை அத்தோடு முடிந்தது. ஐயா வீட்டில் அன்று வஞ்சிரம் வந்திருந்தது. ஒரு முழு மீனைப் பையில் போட்டு, "வீட்டம்மாகிட்ட குடுங்க, கொழம்பு வைக்கட்டும்" என்று கையில் கொடுத்துவிட்டார். என் நாக்கு தன் கடமையைச் செய்தது. வீட்டுக்கு வந்தால் செவந்தி பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கேக்கப் போன ஆளு வாங்கிட்டு வந்திருக்கீங்க."

சும்மா சொல்லக்கூடாது, குழம்பு பிரமாதம். ஒவ்வொரு துண்டும் தொண்டையில் நின்று கேள்வி கேட்டபடி இறங்கியது.

மறுநாள் வகுப்பில் அடைக்கலமேரி அம்மா எழுந்தார். "சார், பயந்தாங்கொள்ளிக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டார். ஆசிரியனுக்கு ஐயம் தீர்ப்பது கடமையல்லவா? 'கவர்ட்' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். "வாக்கியத்துல எப்படி சார் சேக்கிறது?" என்றார். "யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றேன்.

எழுந்தது யார் தெரியுமா? ஷர்லி!

ஷர்லியை உங்களில் சிலருக்குத் தெரியும். அறந்தாங்கியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுதுகிற பெண். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிடுவாள். பேச்சுத் தேர்வு என்று எதிரே ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே போன முறையும் தோற்றாள். மறுபடி தேர்வு வருகிறது. டூட்டி முடித்துப் பஸ் பிடித்து வந்து அவள் பேசிப் பழகக்கூடிய இடம் இந்த வகுப்பு ஒன்றுதான். "பயப்படாமப் பேசும்மா, தப்பு வந்தாலும் பரவாயில்ல" என்று இரண்டு ஆண்டாக அவளுக்குச் சொல்லி வந்தவன் நான். நான்!

அந்தப் பெண் எழுந்து நின்று, என்னை நேராகப் பார்த்து, தடுமாற்றமே இல்லாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொன்னாள்: "அவர் டீச்சர் இஸ் எ கவர்ட்."

எங்கள் ஆசிரியர் ஒரு கோழை.

அவளுக்கே கண் கலங்கிவிட்டது. "சார், தப்பாச் சொல்லிட்டேனா?" என்றாள். இல்லையம்மா. உச்சரிப்பும் சரி, உள்ளடக்கமும் சரி. "வெரி குட்" என்றேன். அவள் முதன்முதலாகப் பயமில்லாமல் பேசிய ஆங்கில வாக்கியம் அது. பூரிப்பாகவும் இருந்தது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலவும் இருந்தது. எந்த வாத்தியாருக்கு ஐயா கிடைக்கும் இப்படி ஒரு வெற்றி!

அன்று இரவு அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப யோசித்தேன். அச்சம் என்ன அவமானமா? இல்லை. அலையைக் கண்டு அஞ்சாதவன் ஆழம் தெரியாதவன். கடலுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குப் பயமில்லையா? பயந்துகொண்டே போகிறார்கள், போய்த் திரும்புகிறார்கள். பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாத கண்டக்டரிடம் மல்லுக்கு நிற்கும் நம் தாய்மார்களுக்கு நெஞ்சு படபடக்கவில்லையா? படபடக்கிறது. படபடத்துக்கொண்டே பேசுகிறார்கள். தேர்வு அறையில் நடுங்குகிற ஷர்லியா கோழை? தோற்ற பிறகும் மறுபடி பணம் கட்டிப் போய் அதே நாற்காலியில் உட்காருகிறாளே, அவளா கோழை? நடுங்குகிறவன் கோழையல்ல. நடுக்கம் வரும் இடத்துக்கே போகாமல் பொன்னாடைக்குள் பதுங்குகிறவன்தான் கோழை! நம்மை நம்பி வந்தவர்கள் நாதியற்று நிற்க, நல்லவன் என்ற பெயரை மட்டும் நாம் காப்பாற்றிக்கொள்கிறோமே, அதற்குப் பெயர்தான் கோழைத்தனம்!

கை தட்டாதீர்கள். தட்டினால் உட்கார்ந்துவிடுவேன்.

என்னம்மா? "கதையெல்லாம் சொன்னீங்க சார், இன்னும் கேக்கலியே" என்கிறார் அடைக்கலமேரி அம்மா. உண்மை. கதை சொல்வதும் ஒரு வால்தான். பூனைக்கு மணி கட்டச் சொன்னால் மணியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

சரி. ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

ஐயா உடையப்பன் அவர்களே. அந்த ஹாலை எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அது வேண்டும். இடம் உங்களுடையது, இல்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அன்று எனக்குச் சந்தோஷம் என்று சொன்னது பொய். வகுப்பு தொடர்ந்து நடக்க வேண்டும். ஷர்லி தேற வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

ஐயா எழுந்து வருகிறார். கையில்... ஐயோ, பொன்னாடை. வேண்டாங்கய்யா. விழாத் தொடக்கத்தில் போர்த்திய இதையே, இதோ, கழற்றி மேசை மேல் வைக்கிறேன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், ஹால் சாவி வேண்டும்.

என்னங்கய்யா? "அப்பறமாப் பேசிக்கலாம்" என்கிறார். ரொம்ப சந்...

இல்லை. இல்லைங்கய்யா. ரொம்ப வருத்தங்க. இப்பவே பேசிக்கலாங்க.

அமைதியாக இருங்கள், ஐயா ஏதோ சொல்கிறார். சொல்லுங்கய்யா... சரிங்க... அப்படிங்களா?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஐயா சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். "நாந்தான் அன்னைக்கே சங்கடம் இல்லையேன்னு கேட்டேனே சார். நீங்க ரொம்ப சந்தோஷம்னீங்க. தெனமும் வேலை முடிஞ்சு வந்து பாடம் நடத்தி அலுத்துட்டீங்கபோல, விடுபட்டாச் சரின்னு இருக்கீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை வேணும்னு சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கப் போறேன்? பாக்ஸை அங்கிட்டு ஷெட்டுப் போட்டு அடுக்கிக்கிட்டுப் போறேன். வகுப்பு நடக்கட்டும்."

இப்போது தட்டுங்கள்! இது என் பேச்சுக்கு இல்லை, ஐயாவின் மனத்துக்கு.

ஆனால் எனக்குத் தலை குனிகிறது. ஒரு மாதமாக இந்த மனிதரை என் மனத்துக்குள்ளே கல்நெஞ்சக்காரராக்கி வைத்திருந்தேனே! அவர் கொடுத்த மீனில் முள்ளைத் தேடினேன், போர்த்திய துணியில் சூழ்ச்சியைத் தேடினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்பர்களே, அகராதியில் இல்லாத ஒரு பொருளை இன்று இந்தச் சொல்லுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோழை தன்னை மட்டும் சிறியவனாக்கிக்கொள்வதில்லை. கேட்டால் கொடுக்கக்கூடிய ஒரு நல்லவரை, கேட்காமலேயே கெட்டவராக்கிவிடுகிறான். ஐயா, என்னை மன்னியுங்கள்.

ஷர்லி, நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வந்துவிடம்மா. எதிரே தேர்வாளராக நான் உட்காருகிறேன். என்னைப் பார்த்துப் பயமே வராது என்பதை நீ ஏற்கெனவே நிரூபித்துவிட்டாய்.

தலைமை தாங்கிய ஐயாவுக்கும், தைரியம் தந்த தாய்மார்களுக்கும், கடைசிவரை கரகரத்தாலும் காலை வாராத மைக்குக்கும், என் நடுக்கத்தை நாகரிகமாக மறைத்துக் காத்த இந்த மேசைத் துணிக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். அன்றைக்கு ஐயாவிடம் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தையை இன்று மெய்யாகச் சொல்கிறேன்.

ரொம்ப சந்தோஷங்க. வணக்கம்!