மரண ஆபத்து இருந்தால் மட்டும்

என் வண்டியில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டது கிடையாது. இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன் இப்படிச் சொல்ல முடிவது லேசான காரியமில்லை. சைரன் சத்தம் கேட்டதும் ஒதுங்குகிறவர்களைவிட, பதறிப்போய் நடுரோட்டில் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களைத் திட்டாமல், ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்காமல், பக்குவமாக ஒடித்துக்கொண்டு போய்விடுவேன். ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நேற்று முன்தினம் வரைக்கும் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும் ஐயா. எனக்கு அவசரமில்லை.

நான் கிறிஸ்தவக் கோயிலில் பூசை வைக்கிற சாமியாராக வேண்டியவன். கடவுள் என்னைக் கூப்பிடுகிறார் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பசிக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான். சாமியார்களை உருவாக்குகிற குருமடத்தில் சேர்ந்து படித்தேன். குருப்பட்டம் வாங்க இன்னும் வருஷங்கள் இருந்தபோது, ஒரு மத்தியானம் தோட்டக்காரர் தண்ணீர்த் தொட்டியருகில் விழுந்துவிட்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமியார்கள் எல்லோரும் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, செய்த பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டேன். அவர் என்னவோ முணுமுணுத்தார். நான் பாவமன்னிப்பும் கொடுத்தேன். பட்டம் பெறாதவன் அதைச் செய்யவே கூடாது.

குருமடத்து அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

“உனக்கு அழைப்பு இருக்கலாம் தம்பி. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அழைப்பு வேற, அனுமதி வேற. அனுமதி இல்லாம கைவைக்கிறவனை நாங்க வச்சுக்க முடியாது” என்றார்.

பெட்டியும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அப்புறம் லைசென்ஸ் எடுத்து ஆம்புலன்ஸுக்கு வந்துவிட்டேன். வண்டியில் ஒரு நர்ஸ் கூடவே வர வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பதால் பெரும்பாலும் நான் மட்டும்தான் போவேன். பின்னால் நோயாளி, அவர் வீட்டு ஆள் ஒருவர்.

நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை என்பதால் ஒரு விதியை விளக்கிவிடுகிறேன். ஞானஸ்நானத்தைச் சாமியார்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் சாகக் கிடக்கிறார், சாமியாரைத் தேட நேரமில்லை என்றால், யாரும் கொடுக்கலாம். டிரைவர்கூடக் கொடுக்கலாம். சம்மதத்துக்கு ஒரு தலையசைப்பு, தலையில் கொஞ்சம் தண்ணீர், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயர். அவ்வளவு போதும். என்னை வெளியே தள்ளிச் சாத்தின கட்டடத்தில் இந்த ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது.

முதலில் கொடுத்தது ஒரு லாரி மெக்கானிக்குக்கு. ஜாக்கி நழுவி வண்டி அவர்மேல் இறங்கிவிட்டது. கேட்டேன், கண்ணை மூடித் திறந்தார், ஊற்றினேன். ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது என் தோளில் கை வைத்து, “நல்ல காரியம் பண்ணியிருக்கே. இதுக்குத்தான்டா கடவுள் உன்னை அங்க கொண்டுபோய் விட்டிருக்காரு” என்றார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டாவது ஆள் ஓடு மாற்றுகிறவர். கூரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்திருந்தது. வலியில் துடித்தவர் நான் கேட்டதற்குச் சரி என்றார். கொடுத்தேன். அதையும் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவ்வளவுதான், பூசை முடிந்து ஊரே வெளியே வருகிற நேரத்தில் கோயில் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“கால் ஒடிஞ்சவனுக்கு என்னடா மரண ஆபத்து? நீ என்ன குட்டிச் சாமியாரா? ஆபத்து இருந்தா மட்டும்தான். மண்டையில ஏறுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்குக் குட்டிச்சாமி என்றே பெயர். ஆனால் சாமியார் சொன்னது நியாயம். அதன் பிறகு அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறவில்லை.

இதில் என் கஷ்டம் என்னவென்றால், நான் நன்றாக வண்டி ஓட்டுகிறவன். நான் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது டாக்டர்கள், “சரியான நேரத்துல கொண்டாந்துட்டேப்பா” என்பார்கள். வண்டியைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அப்படியே திரும்பவும் சீட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். மாதக்கணக்காக அப்படியே போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று மேம்பாலம், இன்னொன்று ரயில்வே கேட். கேட் மூடிக்கிடந்தால் யாரும் டிரைவரைக் குறை சொல்வதில்லை. ரயிலைத் திட்டுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள். எந்த ரயில் எப்போது வரும் என்பது எனக்கு அத்துப்படி. வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டிலோடு இறங்கிப் பின்கதவைத் திறப்பேன். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். வேளை வந்துவிட்டது என்று தெரிந்தால் குனிந்து காதில் கேட்பேன். அந்த நிலையில் எதைக் கேட்டாலும் தலையசைப்பார்கள். வீட்டு ஆட்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். டிரைவராக இருந்தாலும் எவ்வளவு கருணை என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் மகனுக்கு விஷக்கடி.

எல்லோரும் செத்துப்போனார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் பிழைத்தார்கள். அவர்களுக்காகவும் நான் சந்தோஷப்பட்டேன்.

தங்கை வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்லாமல் நீங்கள் என்னை விடப்போவதில்லை. சொல்கிறேன்.

அவன் எலக்ட்ரீஷியன். கடவுள் நம்பிக்கை கிடையாது. கோயிலில் ஃபியூஸ் போனால் ஓடுவான், பூசைக்குக் கூப்பிட்டால் சிரிப்பான். “மச்சான், நீ எப்பவாச்சும் என்னைத் தண்ணில முக்காம விடமாட்டே போலிருக்கே” என்று சாப்பிடும்போது கிண்டல் செய்வான். குட்டிச்சாமி என்று அவன் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. தெருவில் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவனாக இருந்திருந்தால், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று மேம்பாலத்து வழியே போயிருப்பேன். இவ்வளவு நல்லவன் ஞானஸ்நானம் இல்லாமலே போய்விடுவானோ என்று நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் காலையில் தங்கை போன் செய்தாள். அவனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக்கூடச் சொல்லவில்லை, நேராக எனக்கு. “நீயே வாண்ணா. நீ வந்தாத்தான் எனக்குத் தைரியம்” என்றாள்.

அவன் தானே நடந்து வந்து வண்டியில் ஏறினான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் கேட் பக்கம் திருப்பினேன்.

“பாலத்து வழியா போகலையாண்ணா?”

“அங்க ஒரே நெரிசல்.”

நான் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. பாட்டிலோடு இறங்கிப் பின்கதவைத் திறந்தேன்.

“மாப்ளே, ஞானஸ்நானம் வாங்கிக்கிறியா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். கெட்டிக்காரன். அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

“வாங்கிக்கறேன் மச்சான். மனசாரத்தான் சொல்றேன், ஊத்து. ஊத்திட்டு வண்டியை எடு.”

“ஊத்துண்ணா” என்றாள் தங்கையும். “என்ன வேணா பண்ணு, சீக்கிரம் பண்ணு.”

இத்தனை வருஷம் நான் ஏங்கிக்கிடந்த வார்த்தை அது. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஆனால் அவன் உட்கார்ந்திருந்தான் ஐயா. பேசினான். நாடி வேகமாக அடித்தாலும் விரலுக்கு நன்றாகக் கிடைத்தது. மரண ஆபத்து என்று சொல்ல முடியாது.

“கொஞ்சம் பொறு மாப்ளே” என்றேன்.

ரயில் போயிற்று. கேட் ஏறியது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நான் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பின்னால் வந்து ஏறினேன். தங்கை முதலில் கெஞ்சினாள், பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பைக்குள் கைவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வலிக்காமல்தான். கேட்காரர் இறங்கி வந்து, “என்னய்யா, கேட்டைத் திறந்துட்டேன், ஆம்புலன்ஸே வழிய அடைச்சிட்டு நிக்குது?” என்றார். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னேன். அது பொய். அதற்காக வருத்தப்படுகிறேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான்” என்று ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். உதடு நிறம் மாறியது. நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது ஊற்றினேன். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்கப்புறம் ஓட்டிய மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. டாக்டர் வாசலுக்கே ஓடி வந்தார். பார்த்துவிட்டு, “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா” என்று தொடங்கி, தங்கையின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். ஆக, ஆபத்து நிஜமாகவே இருந்திருக்கிறது. டாக்டரே சாட்சி.

தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவர்தான் சரின்னாரே. அப்புறம் எதுக்குண்ணா நின்னே?” அவளுக்கு விதியெல்லாம் தெரியாது. அவள் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை.

இன்று காலை பங்குச் சாமியார் என்னைப் பார்க்க இங்கே வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஆபத்து இல்லாட்டியும் ஞானஸ்நானம் செல்லும்டா” என்றார். “அவன் கேட்டான், நீ ஊத்தினே, முடிஞ்சு போச்சு. விதிய மீறிட்டேன்னு நான் உன்னைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதானேடா? இது தெரியாம ஒரு உயிரைக் கொன்னுட்டியே.”

சொல்லிவிட்டு அழுதார். வயதான மனிதர், தன்னால்தான் ஆயிற்று என்று நினைக்கிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அதனால் எழுதிக்கொள்ளுங்கள். அது செல்லும் என்று எனக்குத் தெரியும் ஐயா. குருமடத்தில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இன்னொரு தடவை கோயில் வாசலில் நின்று திட்டு வாங்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.