கன்ன எலும்பு

திருவொற்றியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு இடது கன்னம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. மடியில் ஸ்கேன் கவர்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று மற்றவள் கேட்டாள்.

"கன்ன எலும்பு மூணா ஒடஞ்சிகீதாம். பிளேட்டு வெக்கணுமாம்க்கா. எண்ணூர் ரோட்ல பைக்லேர்ந்து வுயுந்துட்டேன்னு சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"கையில ஒரு சிராய்ப்பு கூட இல்லியேம்மான்னாரு. ஹெல்மெட் போட்டிருந்தியான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. அந்த ஹெல்மெட்டாலதான் அடிச்சாருன்னு எப்டிக்கா சொல்றது? போடலன்னு சொன்னேன்."

"அப்றம்?"

"ஹெல்மெட் இல்லாம இவங்கள வண்டில ஏத்தாதப்பான்னு அவருக்கு புத்தி சொன்னாரு. அவரும் சரி சார்னு தலையாட்னாரு."