காரி குடித்த தண்ணீர்

இன்னாசி: அதெல்லாம் அப்பறம் பேசலாம்க்கா. ஞாயித்துக்கெழம பூசைல சாமியார் அப்பம் குடுக்கறப்ப நீ ஏன் நன்மை வாங்கப் போகல? அதச் சொல்லு மொதல்ல.

ராஜமேரி: மேசைக் காலப் புடிடா. ஆடுது பாரு. அடியில ஒரு ஓட்டுச்சில்லு வெய்யி.

இன்னாசி: வெச்சுட்டேன். சொல்லு.

ராஜமேரி: என்னத்தச் சொல்ல? சாமியார் வர்ற நேரமாச்சு. தாத்தாவுக்குக் கடைசி எண்ணெப் பூசுதல் குடுக்கற வூடு இப்படியா கெடக்கும்? மெழுகுவத்தி எங்க? வெள்ளத் துணி எங்க? சிலுவை எங்க?

இன்னாசி: சிலுவை உன் கையிலதான் இருக்குது.

ராஜமேரி: ஆங்... ஆமா.

இன்னாசி: வெறும் வயிறா இல்லாமக் காப்பி கீப்பி குடிச்சுட்டுப் பூசைக்கு வந்தியா? அதனாலதான் நன்மை வாங்கலையா?

ராஜமேரி: ஆமா. குடிச்சுட்டேன்.

இன்னாசி: நம்ம வூட்ல காப்பித்தூள் தீந்து போயி எவ்வளவு நாளாச்சு...

ராஜமேரி: கஞ்சி குடிச்சேன். போதுமா? என்னைக் கேக்க வந்துட்டான். நீ மட்டும் வாங்குனியா? ஆம்பளைங்க பக்கம் எல்லாரும் கைகட்டிட்டு வரிசைல போறாங்க, எந்தம்பி ஒருத்தன் மட்டும் தூணுக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்கறான்.

இன்னாசி: எனக்குக் காலு மரத்துப் போச்சு.

ராஜமேரி: ரெண்டு காலுமா?

இன்னாசி: சிரிக்காதக்கா.

ராஜமேரி: யாரு சிரிக்கறா? மனசுல பெரிய பாவம் கெடந்தாத்தான் வாங்காம நிக்கணும். அரிசி மண்டில மூட்டை தூக்கறவன் அப்படி என்ன பாவம் பண்ணிட்ட?

இன்னாசி: நீ என்ன பண்ணிட்ட?

தாத்தா: மேரி... ஏ மேரி...

ராஜமேரி: இங்கதாங்க தாத்தா இருக்கறேன். கட்டில விட்டு எறங்காதீங்க. என்ன வேணும்?

தாத்தா: காரிக்குத் தண்ணி காட்டுனியா?

ராஜமேரி: காட்டியாச்சுங்க.

தாத்தா: செவலைக்கு?

ராஜமேரி: அதுக்குந்தான்.

தாத்தா: வெயிலு கொளுத்துது. வாயில்லா சீவனுங்க... தானா கேக்காதுங்க. நாமதான் பாத்துக் காட்டணும்.

ராஜமேரி: சரிங்க தாத்தா. தூங்குங்க.

இன்னாசி: மறுபடியும் மாடா? கெணத்துக்குக் கரண்டு மோட்டார் வந்த வருசமே வித்த மாடு. தொழுவத்துல இப்ப வெறகுதான் நிக்குது.

ராஜமேரி: மெதுவாப் பேசு. காது நல்லாக் கேக்குது. மத்ததுதான் எல்லாம் கலந்து போச்சு. காலைல என்னை நம்ம பாட்டியாக்கும்னு நெனச்சு, "மதலேனா, புள்ளைங்க ரெண்டும் சாப்புட்டுச்சா"ன்னாரு. அந்தப் புள்ளயே நாந்தான்னு எப்படிச் சொல்றது? "சாப்புட்டுச்சுங்க"ன்னேன். நிம்மதியாக் கண்ண மூடிக்கிட்டாரு.

இன்னாசி: என்னை யாருன்னு நெனக்கறாரு?

ராஜமேரி: உன்னை... என்னென்னமோ. ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்ல.

இன்னாசி: காலைல அவரு பாதத்த அமுக்கிப் பாத்தேன். வெரல எடுத்தப்பறமும் குழி அப்படியே நிக்குது. போன வாரம் கணுக்காலோட இருந்த வீக்கம், இப்ப முட்டிக்கு ஏறிப்போச்சு.

ராஜமேரி: பாத்தேன்.

இன்னாசி: தண்ணி அளவு சரியாத்தானே குடுக்கற?

ராஜமேரி: காலைல அரை டம்ளரு, பொழுது எறங்கறப்ப அரை டம்ளரு. உப்பில்லாத கஞ்சி. ஆஸ்பத்திரில இருந்து வந்து நீ சொன்னதுல எதையாச்சும் மாத்தியிருக்கறனா?

இன்னாசி: அப்பறம் எப்படி ஏறும்?

ராஜமேரி: எனக்கென்ன தெரியும்? நான் டாக்டருக்கா படிச்சேன்?

இன்னாசி: பக்கத்து வூட்டு ராணியம்மா ஏதாச்சும்...

ராஜமேரி: மோரு கொண்டாந்துச்சு. வாசல்லயே வாங்கி நானே குடிச்சுட்டேன். "பெரியவருக்கு ஒரு வாய் ஊத்துனா கொறஞ்சா போவ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா"ன்னு கேட்டுட்டுப் போச்சு. தெருவே அப்படித்தான் பேசுது. தண்ணிப் பானை மேல குந்தியிருக்கற பூதம்னு பேரு வெச்சிருக்காங்களாம் எனக்கு.

இன்னாசி: என்னைத் திட்டச் சொல்லு. நாந்தானே வந்து சொன்னேன்.

ராஜமேரி: நீ விடிஞ்சா கம்பைநல்லூரு மண்டிக்குப் போயிடற. அவரு கேக்கறது என்னைத்தானே? நாக்கு காஞ்சு மேல ஒட்டிக்குது, பேச்சு எழும்ப மாட்டேங்குது. துணிய நனச்சு ஒதட்டுல வெச்சா, அதைப் போட்டு சப்பறாரு. பால்குடிக் கொழந்தையாட்டம். புடுங்கணும். நான் புடுங்கறேன்டா. அவரு வாயில இருந்து.

இன்னாசி: மாதையனுக்கு... அப்படி இருந்துதானே சரியாச்சு.

ராஜமேரி: எந்த மாதையன்?

இன்னாசி: ஆஸ்பத்திரில தாத்தாவுக்குப் பக்கத்துக் கட்டிலு. கம்பைநல்லூர்க்காரரு. அவருக்கும் இதே காலு, இதே வீக்கம். பாக்கப்போனா தாத்தாவ விட மோசம். போன சந்தையன்னைக்கு மண்டிக்கு வந்திருந்தாருக்கா. அரிசி மூட்டை மேல உக்காந்துட்டு, "சவரி அண்ணன் எப்படி இருக்காரு?"ன்னு நம்ம தாத்தாவ விசாரிச்சாரு.

ராஜமேரி: நடந்தா வந்தாரு?

இன்னாசி: கையில கம்பு கூட இல்ல.

ராஜமேரி: அவருக்கும் அரை டம்ளருதானா?

இன்னாசி: அதேதான். அதே அளவு, அதே பத்தியம்.

ராஜமேரி: அப்ப பத்தியம் வேல செய்யுது! நம்ம வூட்லதான்... நம்ம வூட்லதான் தப்பு.

இன்னாசி: தப்புன்னு யாரு சொன்னா?

ராஜமேரி: நீதானே இப்ப கேட்ட, எப்படி ஏறும்னு?

இன்னாசி: கேட்டேன். ஆனா அப்படிக் கேக்கல.

ராஜமேரி: பின்ன எப்படிக் கேட்ட?

இன்னாசி: தெரியலக்கா. வாயில வந்துச்சு, கேட்டேன். அவருக்கு ஒத்துக்கிட்டது இவருக்கு ஒத்துக்கலையோ என்னமோ.

ராஜமேரி: டாக்டரு பாத்துச் சொன்ன பத்தியம் எப்படி ஒத்துக்காமப் போகும்?

தாத்தா: மேரி... அந்தக் காவக்காரன் போயிட்டானா?

இன்னாசி: காவக்காரனா? யாரு?

ராஜமேரி: பெனாத்தறாரு. வுடு. நீ மெழுகுவத்தியத் தேடு.

இன்னாசி: இரு, போயி பாத்துட்டு வரேன். தாத்தா, என்னங்க வேணும்?

தாத்தா: யாருங்க அது?

இன்னாசி: நாந்தாங்க, இன்னாசி.

தாத்தா: இன்னாசி பள்ளிக்கூடம் போயிருக்கான். சின்னப் பையன். நீங்க யாருங்க?

இன்னாசி: நானேதாங்க தாத்தா. வளந்துட்டேன்.

தாத்தா: பொய்யி. எம் பேரன் பொய் சொல்லமாட்டான். கோவிச்சுக்காதீங்க.

இன்னாசி: இல்லீங்க. தாகமா இருக்குதுங்களா தாத்தா?

தாத்தா: எனக்கு வேணாங்க. எனக்குக் கூடாதாம், டாக்டரு சொல்லிட்டாராம். மாட்டுக்குத்தான். நீங்க அக்கட்ட போனீங்கன்னா, மேரி ஆயா காரிக்கு ஒரு சொம்பு காட்டிரும்.

இன்னாசி: ஒரு சொம்பா?

ராஜமேரி: தம்பி, வெளிய வா. அவருக்கு மூச்சு வாங்குது. பேச்சுக் குடுக்காத.

இன்னாசி: அக்கா... மாடு ஒரு சொம்பா குடிக்கும்?

ராஜமேரி: கொழம்பிப் போயி பேசறாரு. கணக்காவா பேசுவாரு?

இன்னாசி: அப்ப உன் கண்ணு ஏன் கலங்குது?

ராஜமேரி: மெழுகுவத்திப் பொகை.

இன்னாசி: இன்னும் தேடிக்கிட்டேதான் இருக்கறோம். பத்தவே வெக்கல.

ராஜமேரி: நாந்தான்டா. நாந்தான் குடுத்தேன்.

இன்னாசி: எப்ப?

ராஜமேரி: காவக்காரன்னா நீதான். நீ மண்டிக்குக் கெளம்பிப் போனதும் கேப்பாரு. மொதல்ல தனக்குன்னுதான் கேட்டாரு. நான் கூடாதுன்னேன். அதோட வுட்டுட்டாரு, வாயத் தொறக்கல. அப்பறம் ஒரு நாளு, "காரிக்குத் தண்ணி காட்டு ஆயா"ன்னாரு. அவரு மனசு ஆறட்டும்னுதான்டா சொம்புல மோந்துட்டுப் போயி, "இதோ காரிக்குங்க தாத்தா"ன்னு காட்டுனேன். சும்மா காட்டத்தான் போனேன். வாங்கிக் குடிச்சுட்டாரு. மூச்சு வுடாம. மீசையெல்லாம் நனஞ்சு போச்சு. "குடிச்சிருச்சு ஆயா... நல்ல மாடு"ன்னு சொம்பத் திருப்பிக் குடுத்தாரு.

இன்னாசி: தெரிஞ்சு சொல்றாரா, தெரியாமயா?

ராஜமேரி: அதாண்டா எனக்கும் புரியல. ஒரு நாளு குடிச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. சரி, தெரிஞ்சேதான் பண்றாருன்னு நெனச்சேன். மறுநாளு மாட்டுக் கயிறக் காணோம்னு நெசமாவே தலகாணிக்கடியில தேடுனாரு. நானும் கூடச் சேந்து தேடுனேன். எனக்கே கொழம்பிப் போச்சு, நான் யாருக்குத் தண்ணி குடுக்கறேன்னு.

இன்னாசி: தெனமுமா?

ராஜமேரி: வெயிலு ஏறுனா காரி. பொழுது சாஞ்சா செவலை. திட்டேன்டா. அப்பா பெங்களூரு போனவரு போனவருதான். அம்மாவும் கண்ண மூடுனப்பறம், ஒரு தோள்ல நீ, ஒரு தோள்ல நானுன்னு தூக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். அவர நான் சொம்பு சொம்பா ஊத்திக் கொன்னுட்டிருக்கேன். அந்த மாதையன் சந்தைக்கு நடந்து வராரு. இவரு கட்டில விட்டு எறங்கல. ஏன்? எங்கையால. இந்தக் கையோட போயி நான் நன்மை வாங்குவனா?

இன்னாசி: அது பாவமில்லக்கா.

ராஜமேரி: நீ என்ன சாமியாரா? இன்னைக்கு அவரு வந்ததும், தாத்தாவுக்கு எண்ணெ பூசறதுக்கு மின்னாடி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிரப் போறேன். எல்லாத்தையும் சொல்லிருவேன்.

இன்னாசி: வேணாம்.

ராஜமேரி: ஏன் வேணாம்?

இன்னாசி: சொல்லாத. நாஞ்சொல்றதக் கேளு.

ராஜமேரி: ஊரு காறித் துப்பும்னு பயமா?

இன்னாசி: அதில்ல.

ராஜமேரி: பின்ன என்ன?

இன்னாசி: அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வந்திருக்கணும். வந்திருந்தா...

ராஜமேரி: ஆட்டையும் கோழியையும் யாரு தலைல கட்டிட்டு வர்றது? இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

இன்னாசி: தாத்தாவ பஸ்ஸ விட்டுத் தூக்கி எறக்கறேன், நீ ரோட்டுலயே நிக்கற. "டாக்டரு என்ன பண்ணச் சொன்னாரு, என்ன பண்ணச் சொன்னாரு"ன்னு மூச்சு வுடாம கேக்கற. நான் பதில் சொல்றதுக்குள்ள மூணு தரம் கேட்டுட்ட.

ராஜமேரி: கேட்டேன். நீயும் சொன்ன.

இன்னாசி: சொன்னதும் உன் மூஞ்சி தெளிஞ்சு போச்சுக்கா. வூட்டுக்கு வந்தவுடனே ஆணியெடுத்து டம்ளருல கோடு கீறுன.

ராஜமேரி: அளவு தப்பக்கூடாதுன்னு கீறுனேன். கீறி என்ன பிரயோசனம்? அந்தக் கோட்டத் தாண்டி நானே...

இன்னாசி: நீ கீறுறத நான் பாத்துட்டே இருந்தேன். அப்பவே சொல்லியிருக்கணும்.

ராஜமேரி: என்னத்த? நீ என்னடா பேசற? எனக்கு ஒண்ணும் புரியல.

தாத்தா: மேரி... மணிச் சத்தம் கேக்குது. காரி கழுத்து மணியா?

ராஜமேரி: இல்லீங்க தாத்தா. கோயில் உபதேசியார் மணி அடிச்சுட்டு வராரு. பின்னால சாமியார் நற்கருணை அப்பம் எடுத்துட்டு வராரு, உங்களுக்குத்தான். ஐயோ, தீப்பெட்டி எங்கடா?

தாத்தா: செவலைக்கு இன்னும் காட்டலியே ஆயா...

ராஜமேரி: இன்னைக்கு வேணாங்க தாத்தா. இன்னைக்கு ஒரு நாளு... மாடு தாங்கிக்கும்.

தாத்தா: தாங்காது ஆயா.

இன்னாசி: அக்கா, சொம்ப எடு.

ராஜமேரி: எதுக்கு?

இன்னாசி: பெரிய சொம்ப எடு. பானைல நெறைய மோந்துக்க. நான் தலையத் தூக்கிப் புடிச்சுக்கறேன், நீ குடு.

ராஜமேரி: உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? இப்பத்தானே உங்கிட்டச் சொல்லி அழுதேன். சாமியார் தெருவுக்கு வந்துட்டாரு. டாக்டரு சொன்ன அளவு என்னாகறது?

இன்னாசி: அந்த அளவு மாதையனுக்குச் சொன்னதுக்கா. நம்ம தாத்தாவுக்கு டாக்டரு ஒரு அளவும் சொல்லல... "இனி பண்ண ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கறதையெல்லாம் குடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.