வெள்ளைக் கட்டம்

— மாப்ளைய கிருஷ்ணராக்கிட்டே, சரி. பொண்ணு மூஞ்சியுமா நீலமா இருக்கணும், வெண்மதி?

— நான் வேணும்னு பண்ணல மொதலாளி.

— கேளு கதைய. கல்யாண போட்டோ போட்ட டைல்ஸு இருநூறு. தாம்பூலப் பையில போட்டுக் குடுக்கணும்னு ஸ்ரீமுஷ்ணத்து பார்ட்டி வாசல்ல குந்தியிருக்காரு. வியாழக்கெழம முகூர்த்தம். ரெண்டு பேரும் பாம்பு கடிச்சாப்புல இருக்காங்க. பின்னால தனபால் செராமிக்ஸுன்னு என் பேரு வேற.

— பிரிண்டரு சொன்னதத்தான் அடிக்குது. எந்த மை எவ்வளவுன்னு அதுக்குச் சொல்ற கலர் புரொபைல்லதான் கோளாறு.

— அதைப் போட்டது நீதானே.

— மூணு தடவ போட்டேன். கட்டம் கட்டமா கலர் சார்ட்டு அடிச்சு, டைல்ஸுல ஒட்டி, சூளையில வேகவச்சு, வெளிய வந்ததும் ஒவ்வொரு கட்டமா கலர் அளக்குற மீட்டரு வச்சுப் படிச்சேன். மூணு தடவயும் நீலம்.

— சார்ட்டு அடிக்கும்போது, கலரத் தானா மாத்துற கரெக்சனை ஆஃப் பண்ணியிருக்க மாட்டே. ஒனக்கு முன்னால இங்க வேலை பாத்த பிரவீன்குமாரும் அதை மறந்துட்டுத்தான் இதே நீலத்துல வந்து நின்னான்.

— நான் ஆஃப் பண்ணித்தான் அடிச்சேன். அவரும் பண்ணியிருப்பாரு.

— அவனுக்கு நீ என்னா வக்காலத்து? வேலை தெரியாத பயன்னு ஊரு பூரா சொல்லித்தான் அனுப்புனேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்பெனி அவன சேத்துக்கல. ஒனக்கும் அதே கதிதான். பைய எடு.

— எடுக்குறேன். அதுக்கு முன்னால இந்த ரெண்டையும் பாருங்க. இது மை படாத வெறும் டைல்ஸு. மீட்டரு வெள்ளைன்னு சொல்லுது. இது சார்ட்டுல மை போடாம வுட்ட வெள்ளைக் கட்டம். இதை மஞ்சன்னு சொல்லுது.

— எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

— கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். டைல்ஸே மஞ்சன்னு நெனச்சுக்கிட்டு சாப்ட்வேரு எல்லா எடத்துலயும் மஞ்சளக் கொறச்சுப்புடுது. அதான் மூஞ்சி நீலம்.

— ஒரே பெட்டியில இருந்த டைல்ஸு. அதுல ஒண்ணு மட்டும் எப்படிம்மா மஞ்சளாவும்?

— இன்னொரு சார்ட்டுல அதே கட்டத்த சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்ச துணி இது. மோந்து பாருங்க.

— இது... மஞ்சத்தூளு.

— சூளையத் தொறந்து எடுக்குறது யாரு மொதலாளி?

— நான்தான். வேற எவனையும் கை வைக்க வுட மாட்டேன்.

— மொதல்ல எடுக்குற டைல்ஸுக்கு என்னா பண்ணுவீங்க?

— மஞ்சளக் கொழச்சு ஒரு பொட்டு வச்சுக் கும்புடுவேன். எங்கப்பா காலத்துலேர்ந்து அதான பழக்கம். சார்ட்டுன்னா ஒரு கட்டம் வெத்தா இருக்குதேன்னு அதுல வப்பேன். தொடச்சுட்டுத்தானேம்மா ஒங்கிட்ட குடுக்குறேன்.

— மூணு சார்ட்டுக்கும் வச்சீங்களா?

— மூணுக்கும். பிரவீனு அடிச்சதுக்கும்.

— வேலை தெரியாத பயன்னு ஊரு பூரா சொன்னீங்க. இப்ப ஊரு பூரா போயி, தப்பு என்னுதுன்னு சொல்லுவீங்களா?

— ஏம்மா, இப்படி எரிஞ்சு வுழுறியே. சொல்றேன். பார்ட்டிய நான் சமாளிக்குறேன், நீ சார்ட்ட நல்லாக் கழுவிட்டு மறுபடி படி. மொதல்ல அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லணும். அவன் நம்பரத்தான் அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்.

— நான் வேலைக்குச் சேரும்போது வூட்டு நம்பருன்னு ஒண்ணு எழுதிக் குடுத்தேனே மொதலாளி, அதுல போடுங்க. எங்கண்ணன், வேலையில்லாம வூட்டுலதான் குந்தியிருக்காரு, அவரே எடுப்பாரு.